வெள்ளமும் வெயிலும் அறிந்த வீடு

வீடு கட்டத் தொடங்கும் குடும்பத்தில் முதற்பேச்சு அறைகளைப் பற்றியதாகவே இருக்கும். கூடம் எவ்வளவு, அடுப்படி எந்த மூலையில், செபத்திற்கு இடம் எங்கே, வாசற்கால் எத்திசை நோக்கி என்று இரவு நெடுநேரம் பேசுவார்கள். தரை எவ்வளவு உயரத்தில் அமைய வேண்டும் என்னும் பேச்சு பெரும்பாலும் எழுவதில்லை. அதனைக் கொத்தனார் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம். கொத்தனாரும் தெருவை ஒரு முறை நோக்கி, பக்கத்து வீட்டை ஒரு முறை நோக்கி, கையிலுள்ள பணத்தையும் கேட்டறிந்து, "பேஸ்மட்டம் இரண்டடி போதும் அம்மா" என்று முடித்துவிடுவார். தாம்பரத்திற்கு மேற்கே முடிச்சூரில், அந்த ஒரு வார்த்தை ஒரு குடும்பத்தின் பத்தாண்டுச் சேமிப்பைக் கரைத்துவிடக்கூடும். இத்திங்கள் அந்தத் தரையைப் பற்றியும், அதே வீட்டின் தலைக்குமேல் உள்ள கூரையைப் பற்றியும் இல்லத்தரசியரோடும் குடும்பத் தலைவர்களோடும் பேச விழைகிறேன்.

முடிச்சூரின் நிலத்தை முதலில் அறிந்துகொள்வோம். அடையாற்றைச் சென்னை நகரின் ஆறு என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அதன் பிறப்பிடமோ ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளே. மழைக்காலத்தில் ஓர் ஏரி நிரம்பி வழிந்து அடுத்த ஏரிக்குச் செல்ல, அதுவும் நிரம்பி அடுத்ததை நாட, அவ்வாறு வழிந்த நீரெல்லாம் திரண்டு ஆறாகி வரும் வழியில் முதலில் எதிர்கொள்ளும் தாழ்நிலம் முடிச்சூரும் வரதராஜபுரமும் ஆகும். ஒரு காலத்தில் இங்கே நெல் விளைந்தது. வயலுக்கு நீர் வருவது செல்வம். வீட்டுக்குள் நீர் வருவது கேடு. நிலம் மாறவில்லை, நீரின் வழியும் மாறவில்லை. நாம்தான் வயலை மனையாக்கிக் குடியேறினோம்.

2015ஆம் ஆண்டு நவம்பரிலேயே இப்பகுதி ஒரு முறை மூழ்கியது. மக்கள் சேற்றைக் கழுவி முடிப்பதற்குள் டிசம்பர் 1ஆம் நாள் பெருமழை வந்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். வீடுகளின் கீழ்த்தளம் முழுதும் நீரில் மறைந்தது. மொட்டைமாடியில் நின்றவர்களைப் படகுகள் வந்து ஏற்றிச் சென்றன. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால்தான் முடிச்சூர் மூழ்கியது என்று இன்றும் சொல்வோர் உளர். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் கலக்கிறது. அது முடிச்சூருக்குக் கீழே உள்ள இடம். முடிச்சூரை மூழ்கடித்தது மேற்கேயும் தெற்கேயும் உள்ள சிற்றூர் ஏரிகளின் நீரும், வானத்திலிருந்து நேரே கொட்டிய நீரும்தான். இதனை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், ஒரு மதகைக் குறை கூறிவிட்டு அமைதி கொள்வோர் தம் வீட்டைப் பற்றிச் சிந்திப்பதில்லை.

அதன் பின்னர் ஆற்றை அகலப்படுத்தினார்கள். மூடு கால்வாய்கள் அமைத்தார்கள். ஒரத்தூரில் நீரைத் தேக்கும் பணியும் மேற்கொள்ளப்பட்டது. பயன் இல்லை என்று கூற மாட்டேன். ஆயினும் 2023 டிசம்பர் 3, 4 ஆகிய நாள்களில் மிக்ஜாம் புயலின் மழையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மீண்டும் நீரில் நின்றன. எட்டாண்டுகளில் இரண்டு பெருவெள்ளம். அதாவது, முதல் வெள்ளத்தில் கைக்குழந்தையாக மாடிக்குத் தூக்கிச் செல்லப்பட்ட பிள்ளை, பள்ளிப் புத்தகங்களைத் தானே பரணில் ஏற்றும் வயதை அடைவதற்குள் அடுத்த வெள்ளம் வந்துவிட்டது.

இதனோடு மற்றொரு தொல்லையும் சேர்ந்துள்ளது. அது வானத்திலிருந்து வருவதன்று. சாலை பழுதாகும் ஒவ்வொரு முறையும் பழைய தளத்தைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத் தளம் போட்டுவிட்டால், சாலை சில அங்குலம் உயர்கிறது. வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. இருபது ஆண்டுகளில் வாசற்படி மறைந்து, தெருநீர் கூடத்தை எட்டிப் பார்க்கிறது. இரண்டடி என்று கொத்தனார் சொன்ன பேஸ்மட்டம் அரையடியாகிவிடுகிறது. பழைய தளத்தைச் சுரண்டிய பின்னரே புதிது போடவேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளராயிருந்த வெ. இறையன்பு அறிவுறுத்தினார். நல்ல அறிவுரை, ஆனால் ஒவ்வொரு தெருவிலும் அது நடக்கிறதா என்று நின்று பார்க்க வேண்டியவர்கள் அத்தெருவில் குடியிருப்போரே. தார் கொட்ட வரும் நாளில் பெண்கள் நால்வர் வாசலில் நின்று கேட்டால் போதும். வழக்கு மன்றம் வரை போக வேண்டியதில்லை.

வசதி படைத்தோர் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். வீட்டின் அடிச்சுவரைச் சிறிது சிறிதாக உடைத்து, கீழே நூற்றுக்கணக்கான ஜாக்கிகளைப் பொருத்தி, அனைத்தையும் ஒரே சீராகத் திருகி, வீட்டை அப்படியே மூன்றடி, நான்கடி உயர்த்திவிடுகின்றனர். சென்னையின் தாழ்வான பகுதிகளில் இது இன்று ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துள்ளது. வியப்பான வேலைதான். ஆனால் சில இலட்சங்கள் வேண்டும். கான்கிரீட் தளமும் உறுதியான சுவரும் உள்ள வீடாகவும் இருக்க வேண்டும். ஒற்றைச் செங்கல் சுவரும் சிமெண்டு ஷீட்டும் கொண்ட வீட்டை எந்த ஜாக்கியும் தூக்காது.

இங்கே கசப்பான ஓர் உண்மையையும் சொல்லவேண்டும். நான் என் மனையை மண்கொட்டி உயர்த்தினால், என் மனையில் நின்றிருக்கவேண்டிய நீர் அடுத்த மனைக்குச் செல்கிறது. அடுத்தவரும் உயர்த்தினால் அதற்கடுத்த மனைக்கு. இறுதியில் தெருவிலேயே மிகத் தாழ்ந்த வீட்டில், உயர்த்த வழியற்ற குடும்பத்தில், எல்லாருடைய நீரும் போய்ச் சேர்கிறது. அவர்கள் பெரும்பாலும் வாடகைக்கு இருப்போர், கட்டட வேலைக்குச் செல்வோர், வீட்டு வேலை செய்யும் மகளிர். ஆகவே வெள்ளத்துக்கேற்ற வீடு என்பதைத் தனி வீட்டுக் கணக்காகப் பார்த்தால் கணக்குத் தவறும். தெரு முழுவதையும் ஒரே வீடாக எண்ணி அளக்கவேண்டும். அவ்வாறு அளக்கும்போது தாழ்ந்த வீட்டுக்காரரையே முதலில் கேட்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனிக் கூரைக்கு வருவோம். முடிச்சூரின் ஏழைக் குடும்பத்திற்கு வெள்ளம் சில நாள் விருந்தாளி. வெயிலோ ஆண்டில் ஐந்து மாதம் உடனுறையும் உறவு. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் உழைப்போர் வெளியில் வாடுவது நம் கண்ணுக்குத் தெரிகிறது. வீட்டினுள் வாடுவோர் தெரிவதில்லை. சிமெண்டு ஷீட்டுக்கோ தகரத்துக்கோ அடியில், நண்பகலில் சமைக்கும் பெண்ணையும், பிரசவித்துப் பத்து நாளான தாயையும், எழ இயலாத முதியவரையும் எண்ணிப் பாருங்கள். மின்விசிறி, கூரையின் அடியில் திரண்ட அனலைக் கீழே தள்ளுகிறதேயொழியக் குளிர்ச்சி தருவதில்லை.

கான்கிரீட் தளம் போட்டால் இத்துன்பம் தீரும் என்று நம்புகிறோம். பாதி தீரும். தகரம் விரைவில் சூடாகி விரைவில் ஆறிவிடும். கான்கிரீட்டோ பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவெல்லாம் அறைக்குள் உமிழும். பகல் சற்றே தாழ்வு, இரவு தாங்க முடியாது. ஓலைக்கூரை வீட்டிலிருந்து கான்கிரீட் வீட்டுக்கு மாறிய பாட்டிமார், "பழைய குடிசையில் தூக்கமாவது வந்தது" என்று சொல்வதை நாகரிகம் அறியாப் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். அது வெப்பநூல் அறிந்தோர் ஒப்பும் பேச்சு. ஓலைக்குத் தீப்பயமும் அடிக்கடி மாற்றும் செலவும் உண்டு. ஆதலின் அதற்கே திரும்பச் சொல்லவில்லை. நம் முன்னோர் கட்டிய மெட்ராஸ் தளத்தில் மர உத்தரங்களின்மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து கெட்டித்து, மேலே தட்டோடு பதித்தனர். சுண்ணாம்பும் சுட்ட மண்ணும் வெயிலைத் தடுத்தன. அந்த அறிவில் ஒரு பகுதியையேனும் இன்றைய சிறு வீட்டுக்கு மீட்கலாம்.

அரசு தரும் உதவியையும் இங்கே பார்க்கவேண்டும். குடிசைகளை மாற்ற 2024இல் தொடங்கப்பட்ட 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில், ஊராட்சிப் பகுதியில் சொந்த மனையுள்ள ஏழைக் குடும்பத்திற்கு மூன்றரை இலட்சம் ரூபாய் அளிக்கப்படுகிறது. வீடு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளம். நல்ல திட்டம். ஆனால் மனை இல்லாதவர், பட்டா இல்லாதவர், வாடகைக்கு இருப்பவர் ஆகியோர் இதன் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறார்கள். ஆற்றங்கரைத் தெருக்களில் மிகவும் நனைவோரும் இவர்களே.

பேஸ்மட்டத்தை ஓரடி கூட்டுவதன் விலை என்னவென்று நாமே கணக்கிடலாம். 360 சதுர அடிக்கு ஓரடி உயரம் எனில் 360 கன அடி மண். நூறு கன அடி ஒரு யூனிட் என்பது வியாபாரிகள் கணக்கு. ஆக மூன்றரை யூனிட்டுக்குச் சற்று மேல். நீர்விட்டு இடித்து இறுக்கும்போது மண் தாழும் என்பதால் இன்னும் ஒரு யூனிட் கூட்டிக்கொள்ளுங்கள். அதனைச் சுற்றி ஓரடிச் சுவருக்குக் கல்லும் சிமெண்டும் வேண்டும். இரண்டடியை நான்கடியாக்க ஏறத்தாழ ஒன்பது யூனிட் மண் வேண்டியிருக்கும். மூன்றரை இலட்சத்தில் வீடு முழுவதையும் முடிக்கவேண்டிய குடும்பம் அந்தப் பணத்தை எதிலிருந்து எடுக்கும்? பூச்சு வேலையிலிருந்தா, கழிப்பறையிலிருந்தா, மாடிப்படியிலிருந்தா? இந்த வினாவுக்குரிய விடையைப் பொறியாளர் சொல்ல முடியாது. அந்தக் குடும்பத்தாரே சொல்லவேண்டும். ஆனால் அவர்களை யாரும் கேட்பதில்லை. இங்கேதான் நோய் இருக்கிறது.

கேட்டால் என்ன நிகழும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நாகைக் கடற்கரையெங்கும் புது வீடுகள் எழுந்தன. பல ஊர்களில் ஒப்பந்தக்காரர் முதலில் செய்த வேலை மரங்களை வெட்டி நிலத்தைச் சமன்படுத்தியதே. பிறகு, கோடு கிழித்தாற்போல் வரிசை வரிசையாகக் கான்கிரீட் பெட்டிகள் எழுந்தன. நிழல் போயிற்று. பகலில் உள்ளே இருக்க இயலாமல், புது வீட்டின் முன்னே ஓலைப்பந்தல் போட்டு அதனடியில் குடும்பம் நடத்தியவர்களைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதே காலத்தில், இன்று மயிலாடுதுறை மாவட்டத்திலுள்ள தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, கட்டடக் கலைஞர் பென்னி குரியாக்கோஸ் துணையோடு வேறு வழியில் சென்றது. நூற்றுக்கணக்கான வீடுகளைக் கட்டுமுன் குடும்பங்களோடு அமர்ந்து பேசினர். அடுப்பு எங்கே, திண்ணை வேண்டுமா, மாடியேறப் படி எப்பக்கம், நிற்கும் மரத்தை எப்படிக் காப்பது என்பவற்றையெல்லாம் கேட்டு வரைந்தனர். இதனால் வேலை தாமதமாயிற்று என்று குறை சொல்லலாம். ஆனால் விரைவாகக் கட்டிய வீட்டில் பந்தல் போட்டுப் படுப்பதைவிட அந்தத் தாமதம் மேல்.

குரியாக்கோஸ், லாரி பேக்கரிடம் தொழில் கற்றவர். பேக்கர் இங்கிலாந்தில் 1917இல் பிறந்து, இந்தியாவையே தாயகமாகக் கொண்டு, திருவனந்தபுரத்தில் 2007இல் மறைந்தவர். அங்கே அவருடைய தொடக்கக் காலப் பணிகளுக்குத் துணைநின்றவர்களுள் கத்தோலிக்கப் பேராயர் பெனடிக்ட் மார் கிரகோரியோஸ் ஒருவர் என்பது நம் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும். பேக்கர் வரைபடத்தை அலுவலகத்தில் முடித்துவிட்டு வருபவரல்லர்; மனையிலேயே நின்று, வீட்டுக்காரியிடம் கேட்டு, கொத்தனாரோடு சேர்ந்து திருத்துவார். அவர் பரப்பிய இரண்டு முறைகள் சிறு வீட்டுக்கு மிகவும் ஏற்றவை. ஒன்று, செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிறுத்தி அடுக்கி நடுவில் வெற்றிடம் விடும் சுவர்; எலிப்பொறிக் கட்டு என்பர். ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். நடுவிலுள்ள காற்று வெயிலைத் தடுக்கும். மற்றொன்று, கான்கிரீட் தளத்தின் அடிப்பாகத்தில் கம்பிகளுக்கிடையே பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்து வார்ப்பது. கீழ்ப்பாகத்துக் கான்கிரீட் சுமை தாங்குவதில்லை. அவ்விடத்தை ஓடு அடைத்துக்கொண்டால் சிமெண்டும் மிச்சம், வெப்பமும் குறைவு. இவற்றில் முதலாவதைத் தாழ்நிலத்தில் கையாளும்போது, வெள்ளம் எட்டும் உயரம்வரை வெற்றிடமின்றிக் கெட்டிச் சுவராகவே எழுப்பி, அதற்குமேல் இம்முறையைத் தொடங்குவது நலம். இல்லையேல் சுவருக்குள் புகுந்த நீர் வெளியேற நாளாகும்.

இனி, பலர் எழுப்பும் ஒரு கேள்வி. ஆபத்தான இடத்தில் ஏன் வாழவேண்டும், இவர்களை மேட்டுநிலத்துக்கு மாற்றிவிடலாமே என்பது அது. 1970இல் குடிசை மாற்று வாரியம் தோன்றியது. 2021 முதல் அது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப்படுகிறது. 2000ஆம் ஆண்டையொட்டிக் கண்ணகி நகரும், பின்னர் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் எழுந்தன. 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பல பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. பெரும்பாக்கமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இருக்கிறது! ஆற்று நீருக்கு அஞ்சியவரைச் சதுப்பு நீரின் அருகே குடியேற்றினோம். வேலையும் பள்ளியும் பின்னால் நெடுந்தொலைவில் தங்கிவிட்டன. அதே பெரும்பாக்கத்தை அடுத்த நூக்கம்பாளையத்தில், மத்திய அரசின் முன்மாதிரித் திட்டமாக 1,152 வீடுகள் கட்டப்பட்டு 2022 மே 26 அன்று திறந்துவைக்கப்பட்டன. சுவர்களும் தளங்களும் ஆலையில் வார்க்கப்பட்டுக் கொண்டுவரப்பட்டுப் பொருத்தப்பட்டன. அமெரிக்க, பின்லாந்து நாட்டுத் தொழில்நுட்பம் என்றனர். விரைவும் உறுதியும் மெச்சத்தக்கனவே. ஆனால் வார்ப்படத்தில் வந்திறங்கும் சுவரில், உள்ளே வாழப்போகிறவள் ஜன்னலை ஓரடி நகர்த்தச் சொல்ல இயலாதன்றோ? ஏழைகளை இடம் மாற்றுவது தவிர்க்க முடியாததாயின், அவர்களுக்கு முன்னரே விவரம் தெரிவித்து, தகுந்த வீடுகளுள் தேர்ந்துகொள்ளும் உரிமை தந்து, முடிவெடுப்பதிலும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுச்சூழல் பற்றிய திருமடலில் கூறியிருப்பது அடையாற்றங்கரையைக் கண்டு எழுதியது போலவே இருக்கிறது.

பெண்கள் கூடினால் கூரையை மாற்றலாம் என்பதற்கு அகமதாபாத் எடுத்துக்காட்டு. அங்கே 2010 மே மாத வெப்ப அலையில் வழக்கத்துக்கு மேல் 1,344 பேர் இறந்ததாகப் பின்னர் கணக்கிட்டனர். 2013இல் அந்நகராட்சி வெப்பத்திற்கென ஒரு செயல்திட்டம் வகுத்தது. 1994 முதல் ஏழைப் பெண்களின் வீட்டுவசதிக்கு உழைத்துவரும் மகிளா ஹவுசிங் டிரஸ்ட் என்னும் அமைப்பு, சேரிப் பெண்களுக்கே வெப்பத்தை அளக்கவும் விளக்கவும் கற்றுக்கொடுத்து, கூரைகளுக்கு வெள்ளை பூசும் வேலையை அவர்கள் வழியாக நடத்தியது. வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. அறையின் வெப்பம் சில பாகை குறைகிறது. இவ்வளவுதான் அதன் விஞ்ஞானம். செலவும் குறைவு.

முடிச்சூரில் இதனை எவ்வாறு தொடங்கலாம்? வரைபடம் வேண்டாம், முதலில் ஒரு ரப்பர் குழாய் போதும். கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும், நீர் நிரப்பிய தெளிவான குழாயைத்தான் சொல்கிறேன். தெருவில் உள்ளோர் ஒரு ஞாயிறு பிற்பகல் கூடி, 2015இல் நீர் நின்ற கோடு எது, 2023இல் எது என்று ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் காட்டட்டும். கோடு அழிந்த வீட்டில், "கட்டில் மூழ்கியது, ஜன்னல் மூழ்கவில்லை" என்று பெண்கள் சொல்வதே அளவு. குழாயைப் பிடித்து ஒரு வீட்டுக் கோட்டை மறு வீட்டுக்குக் கொண்டுசென்றால், எந்தத் தரை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, நீர் எந்தச் சந்தில் தேங்குகிறது, எந்த மனையில் கொட்டிய ரப்பீஸ் வாய்க்காலை அடைத்தது என்பனவெல்லாம் விளங்கிவிடும். அந்தத் தாளை ஊராட்சியிடம் தெருவே கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

அளந்த பின் மற்றொன்றும் தெளிவாகும். ஆண்டுதோறும் வரும் நீர் வேறு. 2015 போன்ற வெள்ளம் வேறு. முன்னதைத் தடுக்கப் பேஸ்மட்டத்தை உயர்த்தலாம். பின்னதை எந்தப் பேஸ்மட்டமும் தடுக்காது. அதற்கு வேண்டியது ஏறிச்செல்லப் படியும், தங்க மொட்டைமாடியும். பத்தடி மண் கொட்டுவதாகக் கனவு காண்பதைவிட, மூன்றடியோ நான்கடியோ உயர்த்தி, மீதிப் பணத்தில் கான்கிரீட் படி கட்டுவது அறிவுடைமை. பணம் குறைந்தால் அறைக்கதவையோ பூச்சையோ பின்னர் பார்த்துக்கொள்ளலாம், படியை ஒத்திவைக்காதீர்கள். படியை வெளிப்புறமாக அமைத்தால், அடுத்த ஷீட் வீட்டுக் குடும்பமும் இரவில் ஓடிவந்து ஏறலாம். அப்படி ஏறிய குடும்பங்கள் 2015இல் ஏராளம்.

சிறியவையாயினும் மறக்கக்கூடாதன சில. மின் சுவிட்சுப் பலகையை ஐந்தடிக்கு மேலேயே வையுங்கள். பட்டா, குடும்ப அட்டை, ஞானஸ்நானச் சான்று, பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் இவற்றிற்குப் பரணில் ஓர் இடம் முன்னதாகவே ஒதுக்குங்கள். செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் வெள்ள நாளில் முதலில் நீர் நுழைவது வாசல் வழியாக அன்று, கழிப்பறைக் குழி வழியாகவே. ஆகவே கழிப்பறைத் தரை கூடத்தைவிடத் தாழ்ந்திருக்கலாகாது. வெள்ள அறிகுறி கண்டதும் குழியின்மேல் மணல் மூட்டையை அழுத்திவைக்கவேண்டும். சுவருக்கும் கூரைக்கும் இடையே அனல் வெளியேற எதிரெதிராகத் திறப்பு விட்டு, எலி புகாமல் கம்பிவலை அடியுங்கள். பலர் அதனைச் சாந்து வைத்து அடைத்துவிட்டுப் பிறகு புழுங்குகிறார்கள்.

இறுதியாக, வாடகைக்கு விடுவோரிடம் ஒரு சொல். ஒரே வளாகத்தில் ஐந்தாறு ஷீட் அறைகளை வரிசையாகக் கட்டி விட்டிருப்போர் நம் பங்குக் குடும்பங்களிலும் இருக்கக்கூடும். அரசின் எந்த உதவியும் அந்த அறைகளுக்கு வராது. அங்குள்ளோர் தாமாகக் கூரையில் கைவைக்கவும் துணியமாட்டார்கள், நீங்கள் கோபிப்பீர்கள் என்று. சிமெண்டு ஷீட்டுக்குச் சுண்ணாம்பு பூசுவது பெருஞ்செலவன்று. மாசி முடிவதற்குள் செய்துவிடுங்கள். நீர்த்த சுண்ணாம்பை ஓரிரவு ஊறவைத்துத் துணியில் வடிகட்டி, பசை கலந்து, இரண்டு முறை பூசினால் அக்கோடைக்குப் போதும். மழையில் கரையும் ஆதலின் மறு ஆண்டு மீண்டும் பூசவேண்டும். தகரத்தில் சுண்ணாம்பு நில்லாது. அதற்கு வெள்ளைச் சாயமே ஏற்றது. பழைய ஷீட் பலவற்றில் கல்நார் உண்டு. அதன் தூள் நுரையீரலில் புற்றுநோய் விளைவிக்கும். ஆதலால் பாசியை உலர்ந்த நிலையில் சுரண்டாமல், நனைத்து மெல்லத் துடைத்தெடுங்கள். ஷீட்டின்மேல் நேரே மிதித்தால் உடைந்துவிடும். பலகை போட்டு, அடியில் சட்டம் ஓடும் வரிசையிலேயே ஏறவேண்டும். சுண்ணாம்பு நீர்க்கும்போது கொதிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். பூசிய பின் வரும் முதல் மழைநீரைக் குடத்தில் பிடிக்கவேண்டாம் என்றும் அறையில் உள்ளோரிடம் சொல்லிவையுங்கள். அவ்வாறு சொல்லப் போகும்போதே, எந்த மூலையில் அனல் மிகுதி, வெள்ளத்தில் நீர் எவ்வழியே உள்ளே வந்தது என்றும் கேட்டு வாருங்கள். அடுத்த முறை கொத்தனாரை அழைக்கும்போது அது பயன்படும்.